பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்த திறப்பு

அன்றைக்கு எங்கள் குசினி மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். ஜன்னல் பக்கம் நீ, என் மூத்த பிள்ளை ஜெயந்தன், துப்பாக்கி சுடும் சங்கத்தின் பச்சைச் சட்டையோடு. உனக்குப் பக்கத்தில் அந்தச் சங்கத்தின் தலைவர் டீட்மார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தபடி. அவருக்கு எதிரே சிவராசா, இந்த ஊரில் எங்கள் ஆட்கள் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் மொழிபெயர்க்கக் கூடப் போகிறவர். கதவோரக் கதிரையில் உன் மகள் அபிரா, கணினியை மடியில் வைத்து எல்லாரும் சொல்வதை அடித்துக்கொண்டு. அடுப்படியில் உன் மனைவி வதனி, இருக்க நேரமில்லாமல் தேத்தண்ணி ஊற்றியபடி. இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் அன்றைக்கு இருந்த எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி போகும். டீட்மாருக்கு அபிரா டொச்சில், அவருடைய ஜேர்மன் மொழியில், மாற்றிக் கொடுப்பாள். நான் பொய் சொன்னது அவர்கள் எல்லாருக்கும் முன்னால். திருத்துவதும் அவர்களுக்கு முன்னால்தான் நடக்க வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் என்பது உனக்குத் தெரியும். இதை ஒரு கொப்பியில் பதினொரு நாளாக எழுதினேன். அபிரா பார்த்துத் தட்டச்சு செய்தாள். எழுத்துப் பிழைகளை அவள் திருத்தியிருப்பாள், மற்றப் பிழைகள் என்னுடையவை. "அப்பம்மா, இதை அப்பாவுக்கு நேரை சொல்லலாமே?" என்று அவள் கேட்டாள். நேரே சொன்னால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய், நான் வாய்க்கு வந்த பொய்யால் மறுமொழி சொல்லிவிடுவேன் என்றேன். அவள் தட்டச்சைத் தொடர்ந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். கணினிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.

என் ஞாபகத்தைப் பற்றி இந்த வீட்டில் நீங்கள் எல்லாரும் பகிடி விடுவீர்கள். நாங்கள் அகதியாய் வந்து இறங்கிய விடுதியில், உன் தலை முழுக்கச் சவர்க்கார நுரை இருக்கும்போதே சுடுதண்ணீரை நிறுத்திய பொறுப்பாளனின் மீசை எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். பாலர் பள்ளியில் "எண்ணெய் மணக்குது" என்று உன் தலையை என்னைக் கேளாமல் கழுவி அனுப்பிய பெண் எந்த நிறக் காற்சட்டை போட்டிருந்தாள் என்று சொல்வேன். என் கலியாணத்தன்று என் கூறைச்சேலையைத் தொட்டுப் பார்த்து "இது எங்கை, இரவலோ?" என்று உன் அத்தை கமலா கேட்டது எந்தத் தூணடியில் என்று சொல்வேன். அப்பா எத்தனையோ தரம், "அவள் என்ரை தங்கச்சி, விட்டுவிடப்பா" என்று கேட்டுப் பார்த்தார். நான் விடவில்லை. எனக்குப் பிழை செய்தவர்களை நான் ஒருவரையும் விட்டதில்லை. எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்று கவனித்தேன். அத்தனை ஞாபகத்திலும் பிழை செய்தவர் எப்போதும் வேறு யாரோ. நான் செய்தது ஒன்றுகூட அந்தக் கணக்கில் இல்லை. மறந்ததனால் அல்ல. அதைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அன்றைய நாளுக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் ஒரு புதுச் சட்டம் வரப்போகிறது, விளையாட்டுக்குச் சுடுகிறவர்களும் இனித் துவக்கை வீட்டில் வைக்கக் கூடாது, ஊருக்குப் பொதுவான ஒரு பெட்டகத்தில்தான் வைக்க வேண்டும் என்று நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். அப்படி வந்தால் உங்களுடையதைப் போன்ற சின்னச் சங்கங்கள் மூடிவிடும் என்றாய். டுசல்டோர்ஃபில் பாராளுமன்றக் குழு ஒன்று சாதாரண ஆட்களையும் கூப்பிட்டுக் கேட்கப்போகிறது, துவக்கு உள்ள வீட்டில் வாழும் ஒரு ஆளாக நான் வந்து அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றாய். டீட்மார் தன் கையை நெஞ்சில் வைத்து நீளமாய் ஏதோ சொன்னார். சிவராசா அதைச் சுருக்கினார். "அக்கா, போரைக் கண்ட ஒரு தாயே பயமில்லை எண்டு சொன்னால், அதுக்கு மேலை ஆர் என்ன கதைக்க ஏலும் எண்டு கேக்கிறார்."

"எனக்கு அங்கை போய் என்ன கதைக்கத் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அக்கா. நான் அதை அரை மணித்தியாலம் டொச்சிலை சொல்லுறன்" என்றார் சிவராசா. எல்லாரும் சிரித்தோம். டீட்மார் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதை ஒளிக்க மாட்டேன். இந்த நாட்டில் இத்தனை வருடமாக நான் தலையாட்டுகிற கிழவி. வைத்தியர் உன்னைப் பார்த்துப் பேசுவார், நான் தலையாட்டுவேன். கடைக்காரி அபிராவைப் பார்த்துப் பேசுவாள், நான் தலையாட்டுவேன். அன்றைக்கு முதல் தரம் ஒரு மேசை முழுக்க ஆட்கள் நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்கள். நான் சொன்னதை ஒரு பிள்ளை எழுதினாள். சங்கத் தலைவர் எழும்பி எனக்குக் கதிரையைச் சரிசெய்து விட்டார். அந்தப் புளுகத்தில், அந்தச் சந்தோசத்தில், எனக்குத் தலை சுற்றியது.

நான் குழுவில் சொல்ல வேண்டியது என்று அபிரா டொச்சில் எழுதியதை நீ வாசித்தாய், சிவராசா எனக்குத் தமிழில் சொன்னார். நான் எங்கே பிறந்தேன், எதற்குப் பயந்து ஓடி வந்தேன், துவக்குச் சத்தம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்பதெல்லாம் முதலில். அது உண்மை. பிறகு, என் மகன் துவக்கை இரும்புப் பெட்டியில் பூட்டித்தான் வைப்பான், இந்த வீட்டில் அவனைத் தவிர எவரும் அதைத் தொட்டதில்லை, பெட்டியின் திறப்பு, அந்தச் சாவி, எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்று. அதற்குப் பிறகு டீட்மார் தானே யோசித்துச் சொன்ன வசனம்: என் கணவரும் இந்த வீட்டில்தான் வாழ்ந்தார், கடைசி நாள்வரை பயமில்லாமல் வாழ்ந்து கண்ணை மூடினார். அந்த இடத்தில் வதனி தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்த சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் வைத்தாள். எனக்கு மட்டும் கேட்டது.

அப்போது டீட்மார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார், இத்தனை வருடத்தில் வீட்டில் ஏதும் நடந்ததுண்டோ, குழுவில் கட்டாயம் கேட்பார்கள் என்று. நீ சிரித்தாய். டொச்சில் சொல்லிவிட்டு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாய். "ஒண்டுமில்லை. ஒருக்கால் வதனி தூசி தட்டுறன் எண்டு துவக்கை விழுத்திப்போட்டா. அதுக்குப் பிறகு அவவுக்குக் கெல்லர் அறைப் பக்கமே போக அனுமதி இல்லை!" டீட்மார் மேசையில் தட்டிச் சிரித்தார். சிவராசா வதனியைப் பார்த்து, "பிள்ளை, கோப்பையை மெள்ள வையும், பாராளுமன்றம் வரைக்கும் கேட்டிடும்" என்றார். நானும் சிரித்தேன். என் பல்செட் தெரியச் சிரித்தேன்.

வதனி என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. பேருந்துத் தரிப்பில் நின்று, வண்டி வருமோ என்று ஒருவர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தாள். நீ, "அம்மா, எழுதினது சரிதானே?" என்று கேட்டாய். "ஓம், சரி. அதுதான் உண்மை" என்றேன். அவள் துவாயைக் கொழுவிவிட்டு வெளியே போனாள்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

இரும்புப் பெட்டியை வீட்டுக்கு அடியில் இருக்கும் கெல்லர் அறையில் வைத்தபோது, அதன் திறப்பை நீ மேலே என் சாமி அலுமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒளித்தாய். யாருக்கும் சொல்லவில்லை. குளிக்காமல் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று நான் எல்லாரையும் விரட்டுகிற இடம், அதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த வீட்டில் இல்லை என்று நினைத்தாய். அந்த விரட்டுகிற ஆள் வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு படமாய் இறக்கித் துடைக்கிறவள் என்பது உனக்கு நினைவு வரவில்லை. முதல் வெள்ளிக்கிழமையே கண்டேன். பிள்ளையாரைத் துடைத்து, பொட்டு வைத்து, திறப்பையும் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். உன் காரியம் எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

அப்பாவுக்கு ஞாபகம் பிசகத் தொடங்கிய பிறகு அவர் பின்னேரம் ஆனால் ஜன்னல் சீலையை இழுத்து மூடுவார். "ஆமி வாறான், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஓடு" என்பார். நீ வேலையில் இருப்பாய், அபிரா பள்ளியில், வதனி முதியோர் இல்லத்தில் தன் வேலையில். நானும் அவரும்தான். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. ஒருநாள் அவர் என் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தபோது, அவரைக் கெல்லருக்குக் கூட்டிப் போனேன். திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்து காட்டினேன். "இஞ்சை பாருங்கோ, எங்களிட்டையும் துவக்கு இருக்கு. இனி ஒருத்தன் கிட்ட வருவானே?" என்றேன். அவர் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். அதனால் அடுத்த கிழமையும் காட்டினேன். அதற்கு அடுத்த கிழமையும். அழுகிற பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் காட்டுவதைப் போல உன் துவக்கை உன் தகப்பனுக்குக் காட்டினேன், ராசா. தன் பெயரை மறந்த மனிதர் பிள்ளையாருக்குப் பின்னால் கை விடுவதை மட்டும் மறக்கவில்லை.

அவர் தானே எடுத்த அன்றைக்கு நான் படுக்கை அறையில் தொலைபேசியில் இருந்தேன். கனடாவிலிருந்து கமலா. அண்ணனுக்குச் சுகமோ என்று கேட்கத்தான் எடுத்தாள். நான் எப்படியோ பேச்சைக் கூறைச்சேலையில் கொண்டுபோய் விட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை என்றாள், நான் தூணைச் சொன்னேன், யார் யார் நின்றார்கள் என்று சொன்னேன். அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் அவர் திறப்பை எடுத்து, படி இறங்கி, பெட்டியைத் திறந்து, துவக்கை எடுத்துக்கொண்டு ஏறி வந்து, முன்வாசல் நடையில் சப்பாத்துப் போடுகிற முக்காலியில் இருந்துவிட்டார். வாசல் கதவு திறக்கிற சத்தமும், "நில்!" என்ற அவர் குரலும் கேட்டுத்தான் நான் எட்டிப் பார்த்தேன்.

வதனி வேலையால் வந்து நின்றாள், ஒரு கையில் லீக்ஸ் தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்த துணிப்பை. துவக்கு அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தது. குண்டுகளை நீ வேறு பெட்டியில் பூட்டி அந்தத் திறப்பை இடுப்பிலேயே வைத்திருக்கிறாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவளுக்கும் தெரியாது. அவள் கத்தவில்லை. பையை மெதுவாக நிலத்தில் வைத்தாள்.

"எங்கை போறாய்?" என்று கேட்டார் உன் அப்பா.

"வீட்டை போறன் ஐயா. வேலையாலை வாறன்." மாமா என்று சொல்லவில்லை. ஐயா என்றாள். சோதனைச் சாவடியில் நாங்கள் எல்லாரும் சொன்ன ஐயா.

"அடையாள அட்டை?"

"இருக்கு ஐயா. எடுக்கலாமோ?"

"மெள்ள எடு."

அவள் கைப்பையிலிருந்து மருத்துவக் காப்புறுதி அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். உன் அப்பா ஒரு கையால் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். எங்களை எத்தனை பேர் அப்படிப் பார்த்தார்களோ, அதே மாதிரி. வாழ்நாள் முழுக்க அட்டையை நீட்டிய மனிதர் அன்றைக்கு அதை வாங்கிப் பார்த்தார்.

"ஆற்றை பிள்ளை?"

"உங்கடை மருமோள் ஐயா."

"சரி, சரி. இருட்ட முதல் வீட்டை போய்ச் சேர்." மரியாதையாக இரண்டு கையாலும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்குத் துவக்கை விட்டார். அது மடியிலிருந்து சறுக்கி நிலத்து ஓட்டில் விழுந்தது. மரப்பிடியில் அந்த வெடிப்பு வந்தது அப்போதுதான். வதனி துவக்கைக் கடந்து வந்து அவர் காலடியில் குந்தி, "மாமா, தேத்தண்ணி குடிப்பமே?" என்றாள். "ஓம் பிள்ளை. சீனி கூடப் போடு" என்றார்.

அத்தனை நேரமும் நான் எங்கே நின்றேன் என்று கேள். அறைக் கதவுக்குப் பின்னால். வதனி துவக்குக்கு முன்னால் நின்றாள், நான் பின்னால் நின்றேன். நாலு எட்டு வைத்திருந்தால் அவர் தோளைத் தொட்டிருப்பேன். வைக்கவில்லை. கையில் தொலைபேசி. அதற்குள் கமலா, "ஹலோ, ஹலோ, மறுமொழி இல்லாமல் வச்சிட்டியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்குத் தேத்தண்ணி கொடுத்த பிறகு வதனி குளியலறையில் போய்ச் சத்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "மாமி, திறப்பு எங்கை இருக்கெண்டு மாமாவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். "எனக்கென்ன தெரியும்" என்றேன். வதனி, இதை வாசிக்கும்போது நீயும் முதல் தரம் அறிகிறாய். நான்தான் காட்டினேன். பிறகு அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "அவனுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. துவக்கையும் எடுப்பாங்கள், பேரும் கெடும், மாமாவைக் கொண்டுபோய் எங்கையேன் விட்டிடுவாங்கள்" என்றேன். அவள் அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறவள், அது என்னவென்று அவளுக்குத் தெரியும். "நான் சொல்லேல்லை மாமி" என்றாள். அதோடு நின்றிருந்தால்கூட இந்தக் கடிதம் பாதியாகியிருக்கும்.

அந்த ஞாயிறு நீ பயிற்சிக்குப் போக எடுத்தபோது வெடிப்பைக் கண்டாய். குசினிக்குள் வந்து நின்று, "ஆர் இதை எடுத்தது?" என்று கேட்டாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் சொன்னேன்: "வதனி கீழை தூசி தட்டினவள். தட்டுப்பட்டு விழுந்திருக்கும்." அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்து நின்றாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். "தேங்காயைத் துருவு பிள்ளை, நேரம் போச்சு" என்றேன். அவள் குழாயைத் திரும்பத் திறந்தாள்.

நீ உடனே நம்பினாய். பூட்டியிருந்த பெட்டிக்குள் இருந்ததை ஒருத்தி எப்படித் தட்டி விழுத்துவாள் என்று நீ கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எண்ணெய் பூசிவிட்டு உலரட்டும் என்று நீ பல ஞாயிறு அதைக் கெல்லர் மேசையில் விட்டுவிட்டு மேலே வந்து சாப்பிடுவாய். அந்த முறையும் விட்டுவிட்டாய் என்று நினைத்து உனக்கே பயம். அந்தப் பயத்தை அவள் மேல் கொட்டினாய். இப்போது, எப்போதும் பூட்டித்தான் வைப்பான் என்று என் வாயால் சொல்லவைக்க ஒரு தாள் எழுதுவித்தாய். நாங்கள் இருவரும் ஒரே தாளில் இரண்டு பொய்யை மறைத்தோம், மகனே. உன்னுடையது சின்னது. ஆனால் அதுவும் அவள் முதுகில்தான் ஏறியிருந்தது.

மூன்று வருடம். நீ திறப்பை உன் கோர்வையில் போட்டுக்கொண்டாய். அதோடு வேறு எந்தத் திறப்பும் அவள் கைக்குப் போகவில்லை. கார்த் திறப்பை நீட்டினால், "விழுத்திப்போடாதையும்" என்பாய். விருந்தாளிக்கு நல்ல கோப்பை எடுக்கப் போனால், "அபிரா, நீ எடு" என்பாய். நீ சங்கத்துக் கொண்டாட்டத்தில் கம்பத்தின் உச்சியில் இருந்த மரப்பறவையைச் சுட்டு விழுத்தி அந்த வருட அரசன் ஆனபோது, உன் கழுத்தில் வெள்ளிச் சங்கிலி போட்டார்கள். எங்கள் ஆட்களில் முதல் அரசன் என்று சிவராசா கூடாரம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நான் பட்டுச் சேலையில் முன் வரிசை வாங்கில் இருந்தேன். நீ மேடையில் அதே பகிடியைச் சொன்னாய், வதனி அரசியின் உடுப்பில் உன் பக்கத்தில் நின்று சிரித்தாள். அப்பா செத்து அப்போது நாலு மாதம். இனி ஒருவரும் அவரைக் கொண்டுபோய் விட முடியாது. நான் காரணம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் சொல்லவில்லை. அந்த முன் வாங்கில் இருந்து எழும்ப எனக்கு மனமில்லை.

வதனி கொலோனில் தங்கச்சி வீட்டுக்குப் போனது வேலைக் களைப்பு ஆற என்று நீ நினைக்கிறாய். மேசையில் நாங்கள் சிரித்த அன்று, எல்லாரும் போன பிறகு கோப்பைகளை அடுக்கிக்கொண்டு அவள் என்னைக் கேட்டாள்: "மாமி, நான் சாகுமட்டும் விழுத்தினவளோ?" நான் துவாயை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்து மற்றதை எடுத்தேன். இரண்டாம் நாள் அவள் பெட்டி கட்டினாள். இரண்டு கிழமைக்கு முன்னால் நானாக எடுத்துக் கதைத்தேன். "எனக்கு உங்களிலை கோவமில்லை மாமி. களைச்சுப் போனன். இல்லத்திலை ஒரு கிழவிக்குக் கோப்பையைக் குடுக்கவும் இப்ப கை நடுங்குது" என்றாள். கோபம் என்றால் எனக்குத் தெரிந்த சாமான், அதோடு நான் மல்லுக்கட்டியிருப்பேன். அவள் திரும்பி வருவாளோ என்று கேட்டேன். "தெரியேல்லை மாமி" என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அன்று பின்னேரம்தான் கடையில் இந்தக் கொப்பியை வாங்கினேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் நான் உன் தாய், வாய் சும்மா இராது. வீட்டில் ஒன்று உடைந்து கிடந்தால், ஆர் உடைத்தது என்று கேட்க முதல் ஆருக்கும் காயமோ என்று கேள். அந்த ஞாயிறு நீ அப்படிக் கேட்டிருந்தால் வதனி அழுதிருப்பாள், எல்லாம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். ஒருவரைப் பற்றிப் பகிடி சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பதைப் பார்க்காதே, அவரைப் பார். கொலோனுக்கு நீயே போ, தொலைபேசியில் முடிக்கப் பார்க்காதே. அபிராவைத் தூது அனுப்பாதே. போனவுடன் "வீட்டை வா" என்று சொல்லாதே. அது உன் வசதிக்குச் சொல்வது. நீ நம்பினது பிழை என்று சொல். பெட்டியை நீ பூட்டாமல் விட்ட நாட்களையும் சொல். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு இரு. வரமாட்டேன் என்றாலும் கேட்டுக்கொண்டு இரு.

வியாழக்கிழமை டுசல்டோர்ஃபில் அந்தக் குழு நேரம் குறித்துத் தந்த டெர்மினுக்கு நான் போவேன். சிவராசா வேண்டாம், அபிரா மொழிபெயர்ப்பாள். நான் ஓம் என்றால் அவள் ஓம் என்றுதான் சொல்வாள். அந்தத் தாளை வாசிக்க மாட்டேன். அது என்னுடையது அல்ல என்று குழுவுக்கு அபிரா ஏற்கெனவே எழுதிவிட்டாள். சட்டம் நல்லதோ கூடாததோ எனக்குத் தெரியாது. டீட்மார் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம், அந்தச் சங்கம்தான் இந்த ஊரில் எங்களை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அதனால் சட்டம் வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். திறப்பு எங்கே இருந்தது, யார் காட்டியது, யார் துவக்குக்கு முன்னால் நின்றது, யார் பின்னால் நின்றது, இதைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் யோசிக்கட்டும். உன் அனுமதிப் பத்திரம் போகலாம். சங்கிலியைத் திருப்பிக் கேட்கலாம். அந்த மண்டபத்தில் வைத்து நீ அறியக் கூடாது என்றுதான் இதை முதலே எழுதுகிறேன். பெட்டிக்குள் இருப்பதை வியாழனுக்கு முன் நீயாகக் கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்தால் எனக்கு நெஞ்சு ஆறும். அது உன் முடிவு.

என் கணக்கைத் தீர்த்துக்கொண்டுதான் போகப்போகிறேன். நேற்றுக் கமலாவுக்கு எடுத்தேன். தூணைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. சேலை இரவல்தான் என்று சொன்னேன். அது உண்மை, அம்மா பக்கத்து வீட்டில் வாங்கித் தந்தது. அவள், "எனக்குத் தெரியும் மச்சாள்" என்றாள். சுடுதண்ணீரை நிறுத்தியவனையும், உன் தலையைக் கழுவியவளையும் விட்டுவிட்டேன். டீட்மார் கேட்டார், அவ்வளவுதான். சிவராசா மொழி மாற்றினார். அபிரா எழுதினாள். நீ என் பிள்ளை, உன்னை மன்னிக்க நான் யோசிக்கவே தேவையில்லை. வதனியிடம் மன்னிக்க ஒன்றுமே இல்லை.

தொடக்கத்தில் ஆறு பேர் என்று எழுதி ஐந்து பேரைத்தான் சொன்னேன். ஆறாவது ஆள் மேசைத் தலைப்பில் நீலச் சேலை உடுத்து இருந்தாள். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற புளுகத்தில் இருந்தாள். பல் தெரியச் சிரித்து, "அதுதான் உண்மை" என்றாள். வியாழக்கிழமை அவளுக்கு முன்னால் ஒரு பெயர்ப்பலகை வைப்பார்களாம், எழுத்துச் சரியா என்று நீயே பார்த்து அனுப்பியிருக்கிறாய். வதனி அவளை மன்னிக்கலாம், நீயும் மன்னிக்கலாம், உங்கள் இருவருக்கும் மனசு பெரிது. நான் மாட்டேன். அந்தப் பலகையில் இருக்கும் பெயர்தான் அது: செல்லத்துரை நாகேஸ்வரி.